பால் காய்ச்சாத அறை

வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு நாங்கள் மாடி எடுத்து வாடகைக்கு விட்டோம். மாடியில் இருப்பதெல்லாம் கம்பெனிப் பெண்கள். தென்காசி, தேனி, தர்மபுரி என்று எங்கிருந்தோ வருகிறவர்கள். கீழே பின்கட்டில் குடும்பக்காரர்கள்.

இத்தனை வருஷம் வாடகைக்கு விட்டதில் நான் கண்டது ஒன்று. குடும்பமாக வருகிறவர்கள் சாமான் இறக்கும் முன்னே பால் காய்ச்சுவார்கள். அவர்கள் லேசில் போகமாட்டார்கள். பிள்ளை பிறக்கும், பள்ளிக்கூடத்தில் சேரும், கடைசியில் இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிடுவார்கள். கம்பெனிப் பெண்கள் பையை மூலையில் போட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுவார்கள். ஒருத்தியும் பால் காய்ச்சமாட்டாள். காண்ட்ராக்ட் முடிந்ததும் வாளியையும் துணிக்கொடியையும் அடுத்து வருகிறவளுக்குக் கொடுத்துவிட்டு அம்மாவிடம் போய்விடுவாள்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் இதையும் எழுதுகிறேன். ஆனாலும் வாசலில் வந்து நிற்கிறவள் தங்குவாளா போவாளா என்று நான் சொன்னால் தப்பாது. அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

என் மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போனாள். ஒரே மகள், வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். அவள் அப்பா போன பிறகு எனக்கு அவள்தான், அவளுக்கு நான்தான். கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னாமா, இதுக்குப் போய் அழுவுற? படிச்சிட்டு வந்து ஒரகடத்துலயே வேலைக்குப் போவேன். அந்த ஊர்க்காரன் கம்பெனியே இங்கதான கீது" என்றாள். அது நிஜந்தான். எங்கள் நிலம் இருந்த இடத்தில் அவர்கள் சுவர் நிற்கிறது. அவர்கள் இங்கே வந்தார்கள், இவள் அங்கே போனாள்.

மாடியில் கிழக்குப் பார்த்த அறையை அவளுக்கென்று பூட்டி வைத்தேன். அவள் பெட்டியில் போர்வைக்குள் சுற்றி ஒரு சின்ன எவர்சில்வர் பால் பாத்திரமும் வைத்தேன். ஏர்போர்ட்டில் எடை கூடிப்போய் ஊறுகாயை எடுத்துப் போட்டார்கள். பாத்திரம் தப்பித்தது.

அவள் அங்கே ஹாஸ்டல் ரூமுக்குப் போன அன்று வீடியோவில் கூப்பிட்டாள். எனக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது, என் நெற்றிதான் தெரியும் என்பாள். அதனால் மாடியில் இருக்கும் தென்காசிப் பெண் பிடித்துக்கொண்டாள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத ஒரு மரம். அவ்வளவுதான் அறை.

"இன்னாடி இது, நம்ம மாடி ரூமே இதைவிடப் பெரிசு" என்றேன்.

"யம்மா, எங்க ரூம்புல மூணு பேரு கெடக்கோம், அது ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் தென்காசிக்காரி. அங்கே என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரி, பால் காய்ச்சிட்டியா?"

"எங்கமா காய்ச்சறது? சமையல்கட்டு எல்லாருக்கும் பொது. ஒருத்தி சைனாக்காரி, ஒருத்தன் எந்த ஊர்னே தெரியல. பொங்கிப் புகை வந்தா மேல மணி அடிக்கும், ஃபயர் வண்டியே வந்து நிக்கும்."

"முதல் நாள் காய்ச்சாம குடி போவலாமாடி?"

"ஐயோ மா, இது வூடா? ஹாஸ்டல். படிப்பு முடிஞ்சா மறுநாளே காலி பண்ணச் சொல்லிடுவான். உன் மாடிப் பொண்ணுங்க காய்ச்சுதுங்களா?"

"நாங்க காய்ச்சல" என்றாள் தென்காசிக்காரி.

நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. மனசு குளிர்ந்துபோனது. அவள் காய்ச்சவில்லை, அப்படியென்றால் அவள் தங்கமாட்டாள். பாத்திரம் மேசைமேல் பேனா போட்டு வைக்க ஆகியிருந்தது. அதுவும் எனக்குச் சந்தோஷம்தான்.

பிறகு தினமும் வந்த போன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆனது. பரீட்சை என்பாள், பார்ட் டைம் வேலை என்பாள். சில ஞாயிறுகளில் அதுவும் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நிற்கும். அப்போதெல்லாம் அந்தப் பேனாப் பாத்திரத்தை நினைத்துக்கொள்வேன். தென்காசிப் பெண் ஒருநாள் வந்து, "யம்மா, என் தங்கச்சிக்கும் இங்கன வேல கெடச்சிருக்கு. பூட்டுன ரூம எங்களுக்குத் தாரீயளா?" என்று கேட்டாள்.

"அது என் பொண்ணு வர ரூம்."

"வரும்போது காலி பண்ணிருதோம்."

"முடியாதுன்னா முடியாது. இன்னொரு தபா கேட்டே, இருக்கற ரூமையும் காலி பண்ண வெச்சிடுவேன்." அவள் முகம் தொங்கிப்போனது. பாவம், தங்கையைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் யார் வீட்டிலோ விட்டாள்.

படிப்பு முடிந்தது. "அடுத்த வாரம் ஹாஸ்டலைக் காலி பண்றேன்மா" என்று மகள் சொன்னாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? காலி பண்ணுகிறவள் அம்மா வீட்டுக்குத்தான் வருவாள், என் மாடியில் நான் பார்த்தது அதுதான். "பாத்திரத்தை யாருக்கும் குடுத்துடாதே" என்று மட்டும் சொன்னேன். "குடுப்பனா? அதை எடுத்துக்கினுதான் போறேன்" என்றாள். மறுநாளே ஆள் வைத்துக் கிழக்கு அறைக்கு வெள்ளையடித்தேன். மின்விசிறி மாட்டினேன். தென்காசிப் பெண்தான் தரை துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. அவள் விமானம் ஏறும் நாளைச் சொல்லப்போகிறாள் என்று அவசரமாய்த் தென்காசிப் பெண்ணை மாடியிலிருந்து கூப்பிட்டுப் போனைப் பிடிக்கச் சொன்னேன்.

திரையில் முதலில் தெரிந்தது என் பாத்திரம். நெருப்பே இல்லாத ஏதோ அடுப்பின்மேல் இருந்தது. அதற்குள் பால்.

"மா, பாரு பாரு, பொங்கப் போவுது! தனி வூடு எடுத்துட்டேன். சின்னதுதான், ஆனா சமையல்கட்டு எனக்கே எனக்கு. இங்கயே வேலை கெடைச்சிடுச்சுமா, முன்னாடியே சொன்னா நீ அழுவேன்னு சொல்லல. இன்னும் ஒரு சாமான்கூட உள்ள வெக்கல. முதல்ல பால்தான். நீ சந்தோஷப்படுவேன்னு."

பால் பொங்கி வழிந்தது. அவள் கை தட்டினாள். இவ்வளவு சிரித்த முகத்தை எத்தனையோ மாதமாக நான் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் வழிஞ்சுது?" என்று கேட்டேன். வழக்கமாகக் கேட்பது, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கிழக்கு எதுன்னே தெரியலமா. இங்க நாலு நாளா சூரியனே வரல."

"கிழக்காத்தான் இருக்கும். நல்லா இரு கண்ணு. சக்கரை போட்டுக் குடி."

"வரேம்மா, லீவுல கண்டிப்பா வரேன்."

லீவில் வருவாள். பின்கட்டுக் குடும்பங்களும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள்தான்.

தென்காசிப் பெண் போனை என் மடியில் வைத்துவிட்டு நின்றாள். அது நல்ல பெண். நான் எழுந்து மாடத்திலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"உன் தங்கச்சிய இட்டுக்கினு வந்துடு."

"நெசமாவா யம்மா?" சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெள்ளையடிச்ச புது ரூம்புலா. இதுக்காவது நாங்க பால் காய்ச்சட்டுமா?"

"வேணாம்" என்றேன். "காய்ச்சாத. நீங்களாவது உங்கம்மாகிட்ட போய்ச் சேருங்க."

கீழே ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது. சாவியைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டு ஓடினாள்.