சித்தப்பாவின் இரும்பு நிலம்

என் சித்தப்பா ஆரணியில் விசைத்தறி ஓட்டுகிறவர். படவேட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், அவருக்கு ஒரு மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் வேர்க்கடலை விளையும். பெய்யாவிட்டால் கல் மட்டும் மிஞ்சும். அந்தக் கல்லைத் தேடித்தான் ஒரு நாள் ஜீப் வந்தது.

நான் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். மயில் பார்டர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா போன் செய்தார்.

"டேய், நம்ம நிலத்துல யாரோ சுத்தியால கல்ல ஒடைச்சிகினு கீறாங்களாம். ஜல்தி வண்டிய எடு."

சண்டை போடத்தான் போனோம். அங்கே தொப்பி போட்ட ஓர் இளம்பெண், கையில் சுத்தியலோடு நின்றாள். கனிமம் தேடும் அரசாங்கத் துறையில் அதிகாரி, மதுரைப் பக்கத்துக்காரி. சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், கறுப்பும் சிவப்புமாக வரியோடிய ஒரு கல்லை எடுத்து அதன்மேல் சின்னக் காந்தம் ஒன்றை வைத்தாள். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இதுல இரும்பு இருக்குங்கய்யா. எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்."

சித்தப்பா என் பக்கம் திரும்பி, "நின்னுகினு கீறியே, மேடத்துக்கு எளநி வாங்கியாடா" என்றார். சண்டை அவ்வளவுதான்.

வண்டியில் திரும்பினோம். ஊர் எல்லை வந்ததும் என் முதுகைத் தட்டிக் கேட்டார்: "மைன்ஸுக்கு இன்னா பேர் வெக்கலாம்?"

மறுநாள் பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தார். வாரம் ஒரு மூட்டை கல் வீட்டுக்கு வந்தது. தறிக்கொட்டகையில் பாவு நூல் இருந்த இடத்தில் கல் குவிந்தது. போளூரிலிருந்து புடவை எடுக்க வந்த வியாபாரிக்கு முதலில் கல்லைத்தான் காட்டினார். அந்த மனுஷன் எந்தப் புடவைக்கு இந்தக் கலர் என்று கேட்டார். சித்தி மட்டும் அசையவில்லை. "அந்தக் காந்தத்த கொழம்புலயும் வுட்டுப் பாரு, எதுனா மாட்டும்" என்றாள். சித்தப்பா படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போய், இரும்பு நிறைய இருந்தால் அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துவதாக வேண்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த முறை அந்த அதிகாரி சோதனைக்கு மண்ணும் கல்லும் எடுக்க வந்தபோது, சித்தப்பா அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்துவிட்டார். முருங்கைக்காய் சாம்பார். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"மைன்ஸுக்கு நாந்தானங்க ஓனரு?"

"இல்லைங்கய்யா. குத்தகைய அரசாங்கம் ஏலம் விடும். யாராவது பெரிய கம்பெனி எடுக்கும். உங்களுக்கு நிலத்துக்கு நஷ்ட ஈடு குடுப்பாங்க."

"அப்ப கடலை எங்க போடறது?"

"அங்க குழி இருக்கும்யா."

சித்தப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "ரசம் ஊத்தட்டுமா?" என்று சித்தி கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று பூசாரியிடம் கேட்டார். பூசாரி யோசித்துவிட்டு, "அப்டி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லீங்களே" என்றார். சித்தப்பா கண்ணை மூடி நேரடியாக அம்மனிடமே பேரம் பேசினார். இரும்பு இல்லை என்று வந்தால், முதலில் சொன்னதைவிட அகலமான ஜரிகையில் புடவை.

"எப்டிப் போனாலும் அம்மனுக்குப் பொடவ வந்துடுது. எனக்குத்தான் ஒண்ணையும் காணோம்" என்றாள் சித்தி.

அதன்பின் அவர் அடிக்கடி நிலத்துக்குப் போனார். வேலை ஒன்றும் கிடையாது. வரப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "குழின்னா எவ்ளோ ஆழம் இருக்கும்டா?" என்று கேட்டார். பக்கத்து நிலத்துக்காரர் அங்கே வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "மைன்ஸு வந்தா எம் புள்ள மெட்ராஸ்ல டிரைவர் வேலைய வுட்டுட்டு ஊரோட வந்துடுவேன்னு சொல்றாம்பா." சித்தப்பாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பல மாதம் கழித்து அந்த அதிகாரியே போன் செய்தாள். சித்தப்பா எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"இரும்பு இருக்குங்கய்யா. ஆனா தரம் கம்மி. மணல் கலப்பு ஜாஸ்தி, ஆழமாவும் போகல. இப்போதைக்கு எடுக்க யாரும் வரமாட்டாங்க. கவலைப்படாதீங்க."

சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். சித்தப்பாவின் முகமும் ஒரு நொடி மலர்ந்தது. அடுத்த நொடி சிவந்தது.

"தரம் கம்மியா? எப்டிம்மா சொல்றீங்க? காந்தம் எப்டி ஒட்டுச்சுன்னு நீங்களே பாத்தீங்களே! இன்னொரு வாட்டி நல்லா பாருங்க."

"ஐயா, உங்களுக்கு எடுக்கணுமா, வேணாமா?"

"எடுக்கக் கூடாது. அது வேற. ஆனா தரம் கம்மின்னு எழுதாதீங்க."

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. சித்தி போனைப் பிடுங்கி, "நீ இருக்கறத எழுதும்மா. ஒன் கல்யாணத்துக்குப் பொடவ எடுக்க இங்கயே வா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மனுக்குப் புடவை சாத்தியாயிற்று. மழையும் பெய்தது. கடலை விதைக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர் ஓடிவந்தார். "மைன்ஸு இன்னா ஆச்சுபா?"

சித்தப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "இரும்பு எக்கச்சக்கமா கீது. எடுக்க வேணாம்னு நாந்தான் சொல்லிட்டேன்."

அந்த மனுஷன் முகம் செத்துப்போயிற்று. மகனை ஊருக்கு வரவிடாமல் செய்த பாவி என்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டு போகம் முடிந்தும் சித்தப்பாவோடு பேச்சு இல்லை. வரப்பில் எதிரே வந்தால் இறங்கி வேறு பக்கம் நடக்கிறார். சித்தப்பாவுக்கு அது பெரிய பேஜார், சோறு இறங்குவதில்லை.

"தரம் கம்மின்னு உண்மையைச் சொல்லிட்டா சரியாப் போயிடுமே" என்றேன்.

"சொல்லலாந்தான்" என்றார். காலடி மண்ணைக் கிளறினார். "ஆனா நம்ம மண்ணப் பத்தி அந்த வார்த்தைய எப்டிடா வாயால சொல்றது?"