கம்ப்யூட்டரின் வாயை அடைத்துப் பார்த்தவர்

ஏலாக்குறிச்சியிலிருந்து சவரிமுத்து அண்ணனின் மகன் போன் செய்தான். "அப்பா காலையில போயிட்டாருங்க." அண்ணனிடம் வண்டி விட்டவர்களுக்கெல்லாம் அவருடைய கைராசி தெரியும். அவர் எனக்குச் செய்தது தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் அரியலூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் அவர் தலைமை மெக்கானிக். கார்ப் புகையைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளி சென்னையிலிருந்து வாங்கிவந்தார். அதன் ரப்பர் குழாயைக் காரின் புகைக்குழலில் செருகினால், அது புகையை உறிஞ்சி, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று திரையில் எழுத்து வரும். அதை இயக்க, பெரம்பலூரிலிருந்து என்னை வேலைக்கு எடுத்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அண்ணன் இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே பெட்ரோல் அளவை டியூன் செய்த வண்டிக்கெல்லாம் 'பெட்ரோல் குறைவு' என்றது கம்ப்யூட்டர். முதலாளி கொதித்துப்போனார். "இத்தன வருசமா குத்துமதிப்பாத்தான் வண்டி பாத்தியாய்யா?" டியூனிங் என் கைக்கு வந்தது, அண்ணன் பஞ்சர் ஒட்டப் போனார். உள்ளூர மகிழ்ந்தேன் என்பதே உண்மை.

பத்தே நாளில், நான் பெட்ரோலைக் கூட்டிவிட்ட கார்களெல்லாம் கரும்புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தன. ரெட்டிபாளையத்துக்காரர் ஒருவர் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். இன்னொரு வண்டி இப்படித் திரும்பினால் எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார் முதலாளி.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரை ஓடவிட்டு, அதன் குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்தார்.

"வாய அடச்சும் மூச்சு வாங்குது பாருங்க தம்பி. வேற எங்கயோ ஓட்டை இருக்கு."

குழாயைத் தடவிக்கொண்டே போனார். அழகாக இருக்கட்டும் என்று தினமும் அதைச் சுருட்டி, சணலால் இறுக்கிக் கட்டிவைப்பேன். கட்டிய இடத்திலேயே வெடிப்பு. அதன் வழியே வெளிக்காற்றும் புகையோடு கலந்து உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் எல்லா வண்டிக்கும் 'பெட்ரோல் குறைவு'.

"அது மேல தப்பில்ல. நாம குடுத்ததத்தான் அது சொல்லுது," என்றார். பிறகு, "முதலாளிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

முதலாளி சாப்பிட்டுத் திரும்பியதும் சொன்னேன். அண்ணனைப் பழைய இடத்துக்குப் போகச் சொன்ன முதலாளி, எனக்கு வாசலைக் காட்டினார். நான் சட்டையை எடுக்கத் திரும்பினேன். ஒரு காரின் பானெட்டைத் திறந்தபடி அண்ணன் கூப்பிட்டார்: "தம்பி, மெஷின எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் பாப்போம்." முதலாளி தடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

இன்று என் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைக் கேட்காமல் ஒரு திருகும் கழல்வதில்லை. ஆனால் அதைக் காட்டி யாரையும் நான் வெளியே அனுப்பியதில்லை. அண்ணே, உங்கள் இடத்தைப் பறித்தவனுக்கே அதில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். அந்தப் பாதியில் நின்றுதான் நான் பிழைத்தேன்.