மார்த்தாவுக்கு என் முகம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலயத்துக்கு என் கணவர் ஒரு படம் வரைந்தார். வீட்டுக்கு வந்த இயேசுவின் காலடியில் மரியா அமர்ந்திருக்க, அக்கா மார்த்தா தனியாக வேலை செய்து சலித்துக்கொண்ட காட்சி. திறப்பு நாளில்தான் பார்த்தேன். அடுப்படியில் முகம் சுளித்து நின்ற மார்த்தாவுக்கு என் முகம்!

"மரியாதான் நல்லதைத் தேர்ந்தவள்" என்று ஃபாதர் பிரசங்கம் வைத்தார். சனம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கும் அன்று மதியச் சாப்பாடு சமைத்தவள் நான்.

மண்டபத்தில் பந்தி தொடங்குமுன் கணவரைப் பிடித்தேன்.

"என்னைக் கேக்காமல் ஏன் என்னைப் படத்தில கீறினீங்கள்?"

"கோவிக்காதையும். உம்மட முகத்தில அந்தக் களைப்பு அப்படியே இருக்கு. எத்தனை வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்!" என்றார் பெருமையாக.

அதுதான் சுட்டது. என் களைப்பு அவர் கண்ணில் படவில்லை என்றே இவ்வளவு காலமும் என்னைச் சமாதானப்படுத்தியிருந்தேன். நெற்றிச் சுருக்கம்வரை பார்த்திருக்கிறார். பார்த்தவர் ஒருநாளாவது எழும்பி வந்து ஒரு சட்டியை இறக்கி வைக்கவில்லை.

"இண்டைக்கு நீங்கள் பரிமாறுங்கோ" என்று அகப்பையை அவர் கையில் திணித்துவிட்டு, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தேன்.

அவர் நல்ல ஓவியர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோபம்தான் இன்னும் ஆறவில்லை.