மூன்று முனைக் கொடுக்கு

என் மதினி, கணவரின் அக்கா, அந்த நண்டை வாளியில் போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி, அந்தமானில், வண்டூரில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. வாளியை அவர் தரையில் வைத்த விதமே சொல்லிவிட்டது, எதையோ நிரூபிக்க வந்திருக்கிறார் என்று.

"பாத்துக்க. அன்னைக்கு நான் சொன்னப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டல்ல?"

சாக்கை விலக்கினார். நல்ல பெரிய சேற்று நண்டு. ஒரு கொடுக்கு ஒழுங்காக இருந்தது. மற்றதில், இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று கிளை விட்டதுபோல் முளைத்து வெளியே வளைந்திருந்தது.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இடது கையில் நடுவிரல் இல்லாமல் பிறந்தவள். உள்ளங்கை நடுவில் பிளந்து, பக்கத்துக்கு இரண்டு விரலாக இருக்கும். அந்தக் கையாலேயே ஜடை பின்னுவாள், பென்சில் சீவுவாள், என்னைக் கிள்ளவும் செய்வாள். கரு உருவாகும்போதே சில குழந்தைகளுக்கு இப்படி ஆகும், யாருடைய தப்பும் இல்லை என்று போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். மதினிக்கு அது போதவில்லை. மாசமாக இருந்தபோது நான் நண்டு தின்றேன், அது பிள்ளை கையில் வந்துவிட்டதாம். இதை அவர் பேர் வைத்த அன்று சொன்னார், பஸ் ஸ்டாப்பில் சொன்னார், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். தமிழ் புரியாதவர்களுக்கு ஹிந்தியிலும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் மகளை 'கேக்டா' என்று கூப்பிட்டார்கள். ஹிந்தியில் நண்டு. அந்தப் பெயர் பிள்ளைகளுக்குத் தானாகத் தோன்றவில்லை.

அன்று வாளியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா, டூரிஸ்ட் படகில் வேலை பார்க்கிற ஒருவர், சாமான் வாங்கப் போன இன்னும் இரண்டு பேர். படகுக்காரர் போனை எடுத்தார். நண்டை ஒரு படம் பிடித்தார். பிறகு வாசற்படியில் நின்ற என் மகளைப் பார்த்துச் சிரித்தபடி, "பேட்டி, ஹாத் திகாவ்" என்றார். மகளே, கையைக் காட்டு என்கிறார். நண்டுக்குப் பக்கத்தில்.

அவள் காட்டினாள். பெரியவர்கள் கேட்டால் செய்ய வேண்டும் என்று நான்தானே வளர்த்திருக்கிறேன். வாளிக்கு அருகில் குந்தி உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். ஒருத்தர், அங்கே நின்ற ஒருத்தர்கூட, வேண்டாம் என்று சொல்லவில்லை. மதினி குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, வெளிச்சம் படும்படி திருப்பிவிட்டார்.

என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தமிழும் ஹிந்தியும் கலந்து வந்தது. படகுக்காரரின் போனைப் பிடுங்கி, படத்தை அழிக்கும்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. மகளை உள்ளே அனுப்பினேன். வாளியையும் உள்ளே எடுத்து வைத்துக் கதவைச் சாத்தினேன்.

என் கணவருக்கு நண்டு வியாபாரம். உப்பங்கழி க்ரீக்கில் பிடித்து வருபவர்களிடம் வாங்கி, கொடுக்கைக் கட்டி, பெட்டி போட்டு விமானத்தில் சென்னைக்கு அனுப்புவார். மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் வாளியைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்:

"ஓ, இதா. ஓடு கழட்டுனதும் உடம்பு மெத்துனு இருக்கும்ல, அப்ப கொடுக்குல அடிபட்டா இப்படிக் கோணலா வளரும். அப்பப்ப வரும். சென்னைப் பார்ட்டி வாங்க மாட்டான்."

"வந்தா என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? வீட்டுக்குக் கொண்டாருவேன். கொடுக்க ஒடச்சுக் கழுவி அக்கா வீட்டுக்கும் குடுப்பேன்."

நான் அவரையே பார்த்தேன். அக்கா வீட்டுக்கும். மதினியும் கை கால் சரியாக மூன்று பிள்ளை பெற்றவர். இந்தக் கோணல் கொடுக்குகளின் சதையைத்தான், தெரியாமலே உறிஞ்சித் தின்று, பெற்றிருக்கிறார். இது என் புருஷனுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவருடைய அக்கா என்னைத் தெருவில் நிறுத்திப் பேசியபோதெல்லாம் பக்கத்தில் நின்ற மனிதருக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை சொன்னீங்களா அவங்ககிட்ட?"

"சொன்னா மட்டும் கேக்கவா போவுது? விடு."

விடு. மதினி மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில் அப்படியே இவர் பக்கம் திரும்பியது. அவர் அறியாதவர். இவர் அறிந்தும் வாயைத் திறக்காதவர்.

அந்த நண்டை அன்றைக்கே சமைத்தேன். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தேன். வாசனைக்கு, இரண்டு வீடு தள்ளியிருந்த மதினி வந்தார். நான் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து அந்த மூன்று முனைக் கொடுக்கை அம்மிக்குழவியால் உடைத்துக்கொண்டிருந்தேன்.

"வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு என்ன காரியம்டி பண்ற!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க தின்னதுதான் மதினி. உங்க தம்பியக் கேளுங்க."

தம்பி தட்டைப் பார்த்தபடி சோறு பிசைந்துகொண்டிருந்தார். என் மகள் என் தட்டிலிருந்து சதையை எடுத்துத் தின்று, காரம் என்று தண்ணீர் கேட்டாள்.

இரண்டாவதாகப் பிறந்தது பையன். பிரசவ வார்டுக்கு வந்த மதினி குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி விரல்களை எண்ணினார். கையில் பத்து, காலில் பத்து. "கடவுள் கண்ணத் தொறந்துட்டார்" என்று அழுதார், பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பியைத் தொட்டுப் பார்க்கக் காத்திருந்த என் மகள், தன் இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"மிட்டாய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றேன். தையல் போட்ட வலியில் குரல் உயரவில்லை. ஆனாலும் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்போதுதான், கால்மாட்டில் நின்ற என் கணவர் வாயைத் திறந்தார். நண்டுக்கு ஏன் அப்படி வளர்கிறது, எத்தனை முறை அதை அக்காவுக்கே கொடுத்திருக்கிறார், எல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். மதினி கேட்டுக்கொண்டு நின்றார், பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. மகளைக் கட்டிலில் ஏறி உட்காரச் சொல்லி, அவள் மடியில் தம்பியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடி, தலை பத்திரம் என்றேன்.