பின்சக்கரத்துக்கு வைத்த சந்தனம்

எங்கள் தாய்மாமாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கி, இரண்டு பேர் கை மாறி அவரிடம் வந்த வண்டி. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொள்ளும் என்று அப்பா கேலி பேசுவார். ஆனால் சக்கர விஷயத்தில் மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் வீல் ஸ்பேனரோடு நாலு சக்கரத்தையும் சுற்றி வருவார். சக்கரத்துக்கு ஐந்து நட்டு. ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை மாட்டி ஓர் அழுத்து அழுத்திப் பார்ப்பார். டயரில் சிக்கிய கல்லை ஆணியால் நோண்டி எடுப்பார். காற்று நிற்கிறதா என்று கம்பியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கோயிலில் போல வலமாகத்தான் சுற்றுவார். "பழைய வண்டிக்கு இதுதேன்த்தா தெனப் பூசை" என்பார் என்னிடம்.

சின்னாளப்பட்டியில் அப்பாவுக்குத் தறி. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்த வேன்காரர் திடீரென்று நின்றுகொள்ள, பெற்றோர் சங்கத்தில் இருந்த அப்பா எங்கள் மாமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தார். பூசை லீவு முடிந்து திங்கட்கிழமையிலிருந்து மாமாவின் வேன் ஓட வேண்டும். அதுவரைக்கும் அவருக்கு நிலையான ஓட்டம் என்று ஒன்று அமைந்ததில்லை. பெண் கேட்டுப் போன இடத்தில் எல்லாம் அதைத்தான் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். "இது ஒண்ணு அமைஞ்சுட்டா எந்தம்பிக்குக் கல்யாணம் நடந்துரும்" என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் சொல்வாள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை பழனியில் என் குட்டித் தம்பிக்கு மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தார்கள். மாமா மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா வேனில்தான் பயணம்.

முதல் நாள் ஆயுத பூசை. பள்ளிக்கூடத்தார் வந்து பார்ப்பார்களே என்று மாமா நாலு சக்கரத்தையும் கழற்றி, சில்வர் பெயிண்ட் அடித்து, சுவரோரம் சாய்த்துக் காய வைத்திருந்தார். வேன் கருங்கல்லின் மேல் நின்றது. அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒரு எடம் விடாம வையி" என்றாள்.

சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை நான். கண்ணாடி, கதவு, விளக்கு எல்லாவற்றுக்கும் வைத்தேன். சக்கரம் இல்லாத இடத்தில் வட்டமாய் ஓர் இரும்பு டிரம்மும் அதில் ஐந்து போல்ட்டும் தெரிந்தன. வெளியே வைத்த பொட்டை ஊர் பார்க்கும், உள்ளே வைத்ததைச் சாமி மட்டும்தானே பார்க்கும் என்று எனக்குத் தோன்றியது. மிச்சமிருந்த சந்தனம் ஒரு சக்கரத்துக்குத்தான் காணும். இடது பக்கப் பின்சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு நேர் மேலேதான் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா உட்காருவாள். டிரம் முழுக்கக் கெட்டியாக அப்பி, ஐந்து போல்ட்டுக்கும் குங்குமம் வைத்து, முருகா, எங்க தம்பியப் பத்திரமாக் கூட்டிட்டுப் போ என்று கும்பிட்டேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பூசைக்கு நேரமாச்சென்று அப்பா விரட்டினார். மாமா அவசரத்தில் சக்கரங்களைத் தூக்கி மாட்டி நட்டுகளை முடுக்கினார். அந்த மங்கலில் உள்ளே இருந்தது அவர் கண்ணில் படவில்லை.

மறுநாள் தம்பி ஒரே அழுகை. கிளம்பத் தாமதமாகிவிட்டது. மாமா வழக்கம்போல ஸ்பேனரை எடுத்தார்.

"ஏம் மாப்ள, நேத்துத்தான முடுக்குன? ராத்திரி அதுவா எந்திரிச்சு ஓடுச்சாக்கும்? ஒம்பதுக்கு ராகு காலம். ஏறு வண்டியில" என்றார் அப்பா.

"ஒரு சுத்து, மச்சான். செத்த நேரந்தேன்."

"ஒஞ் செத்த நேரத்துல ராகு காலம் முடிஞ்சே போயிரும்."

மாமா சிரித்துக்கொண்டே ஸ்பேனரை சீட்டுக்கடியில் போட்டுவிட்டு ஏறினார்.

திண்டுக்கல் தாண்டி ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஒரு குறையுமில்லை. முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காய்கறி லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒட்டன்சத்திரத்தை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அம்மா மாமாவிடம் சொன்னாள்: "ஏலே தம்பி, காலுக்குக் கீழ என்னமோ இடிக்குதுடா."

மாமா கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. கடக், கடக் என்று, யாரோ அடியிலிருந்து தட்டுகிற மாதிரி. வண்டியின் பின்பக்கம் மெல்ல ஆடியது. மாமாவின் பிடரியில் வேர்வை இறங்குவதைப் பின் சீட்டிலிருந்து பார்த்தேன்.

"பிரேக்கப் போடுறா" என்றார் அப்பா.

"போடக் கூடாது மச்சான். யாரும் அசையாதீக."

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. முன்னால் ஓர் ஓடைப்பாலம். அதன் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடந்தது. தட்டுகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. அம்மா தம்பியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். அவள் வாய் மட்டும் அசைந்தது. மாமா வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறக்கினார். பாலத்துக்குப் பத்தடி இருக்கும்போது வண்டி நின்றது. லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது.

இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டைக் காணோம். மிச்சம் மூன்றையும் மாமா வெறும் விரலாலேயே திருகினார். அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. அம்மாவையும் தம்பியையும் தள்ளிப்போய் வேப்பமர நிழலில் நிற்கச் சொன்னார்.

கூப்பிடு தூரத்தில் ஒரு பஞ்சர் கடை. அந்தக் கடைக்காரர் ஜாக்கியோடு வந்து வண்டியைத் தூக்கினார். மாமா சக்கரத்தை உருவினார். உள்ளிருந்து மஞ்சளாய்ப் பொடி பொலபொலவென்று மண்ணில் கொட்டியது.

"ஏனுங்ண்ணா, இங்க போயி யாருங்க சந்தனம் பூசுனது?" என்றார் கடைக்காரர். "இரும்போட இரும்பு ஒட்டி உக்காரோணுமுங்க. நடுவால ஒரு காயிதம் இருந்தாக்கூட ஆகாதுங்க. இது காஞ்சு உதிர உதிர நட்டு தளந்து போயிருமுங்க. இன்னுஞ் செத்த தூரம் போயிருந்தீங்கன்னா சக்கரம் தனியாப் போயிருக்குமுங்க."

அவர் சொன்னதில் கடைசி வார்த்தை மட்டும்தான் என் மனசில் நின்றது. சக்கரம் போயிருக்கும். ஆனால் போகவில்லையே. ஏன் போகவில்லை? எனக்குச் சிலிர்த்தது. மற்ற மூன்று சக்கரத்துக்கும் இல்லாத சந்தனம் இதற்கு இருந்ததால்தானே முருகன் பிடித்து நிறுத்தினார் என்று நினைத்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்று முன்னே ஓடினேன்.

"அப்பா, அது வந்து..."

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற பிடி. கையெல்லாம் கிரீஸ். டிரம்மில் உதிராமல் ஒட்டியிருந்த சந்தனத்தில் என் விரல் தடம் சின்னச் சின்னதாய்ப் பதிந்திருந்தது. அப்பா குனிவதற்குள் மாமா கழுத்துத் துண்டை எடுத்து அதை அழுத்தித் துடைத்துவிட்டார்.

"நாந்தேன் மச்சான் பூசுனேன். பூசைங்கிற ஆசையில பூசிட்டேன்."

பழனிக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு இப்படி ஒரு பொய். அம்மா மர நிழலிலிருந்து இரண்டடி முன்னே வந்தாள். கிண்ணம் கொடுத்தவள் அவள். மாமா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நீ சும்மா இரு அக்கா" என்றார். எங்கள் வீட்டில் அப்பாவின் கை சீக்கிரம் நீளும். அன்றைக்கு அவர் நின்ற நிலையில் அது யார் மேல் விழுந்திருந்தாலும் தாங்கியிருக்காது.

"அறிவிருக்காடா ஒனக்கு?" என்று கத்தினார் அப்பா. "எம்புள்ள போயிருப்பான்டா. அம்புட்டுப் பேரும் போயிருப்போம். ஊரான் வீட்டுப் புள்ளைக இருவது பேர ஒன்ன நம்பி ஏத்தி விடுங்கன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் பேசுவேன்?"

காலையில் ஸ்பேனரை மாட்டவிடாமல் விரட்டியது யார் என்று மாமா கேட்கவில்லை. டிரம்மை மணலும் துணியும் வைத்துத் தேய்த்தார். வேறு இரண்டு சக்கரங்களிலிருந்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றி இதற்கு மாட்டினார். குறுக்கும் மறுக்குமாக முடுக்கி, ஸ்பேனரின் மேல் ஏறி நின்று இறுக்கினார். பழனி போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடியும் முடுக்கினார்.

அடிவாரத்தில் மொட்டை முடிந்து, மாமா மடியில் தம்பியை உட்கார வைத்தார்கள். எத்தனை சோப்புப் போட்டும் அவர் நகத்திலிருந்த கறுப்பு போகவில்லை. காது குத்தும்போது அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி வீறிட்டான். மாமாவின் கண்ணும் கலங்கியிருந்தது. காது குத்தியதற்கு இவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

படியேறும்போது மாமா கையை நீட்டினார். நான் பிடிக்கவில்லை. "கோவமாத்தா?" என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சன்னதியில் எல்லோரும் தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தபோது நான் முருகனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தேன். சந்தனம் வைத்தது நான், புண்ணியத்தைத் தட்டிக்கொண்டு போனது மாமா, நீதான் கேக்கணும் என்று. பக்கத்தில் மாமா கைகூப்பி வெகுநேரம் நின்றார். திருடினதுக்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் வேறு ஒரு வேன் வந்து நின்றது. பளபளவென்று இருந்தது. ஓட்டுகிறவர் யாரோ முகம் தெரியாதவர். பிள்ளைகளெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு ஏறினார்கள். எதிர்ச் சந்தில் மாமாவின் வேன் நின்றிருந்தது. அவர் வெளுத்த சட்டை போட்டு, தலை வாரி, காலியான வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை ஆட்டினார்.

நான் ஆட்டவில்லை. முருகன் என் வழக்கைக் கேட்டு இரண்டே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, சன்னலோரமாய் இடம் பார்த்து உட்கார்ந்து, அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.