நிறம் பார்க்க என் கை

எங்கள் கல்லூரியில் விழா என்றால் முதலில் வாசலுக்குத்தான் ஆள் பிடிப்பார்கள். மேடையில் யார் பேசுவது என்பதெல்லாம் பிறகு. சிறப்பு விருந்தினர் காரைவிட்டு இறங்கும்போது பன்னீர் தெளிக்க, சந்தனக் கிண்ணம் நீட்ட, கற்கண்டுத் தட்டைப் பிடிக்க ஆறேழு பெண்கள் வேண்டும். அவர்கள் சிவப்பாக இருக்க வேண்டும். இப்படி ஒரு விதியை யாரும் எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் பாளையங்கோட்டையில் நான் படித்த காலம் முழுக்க யாரும் அதை மீறிப் பார்த்ததில்லை. நான் வகுப்பிலேயே கறுப்பு. எனக்கு நாற்காலி துடைக்கிற வேலையும் திரை இழுக்கிற வேலையும் வரும். திரை இழுப்பதில் நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், எங்கள் ஆங்கிலத்துறை மிஸ் சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு ஒரு கட்டு ஜெராக்ஸோடு திரும்பி வந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றைக் கொண்டாட ஒரு நாள் விழா எடுக்க வேண்டும் என்றார். தாமிரபரணிக் கரையில் அதற்கு முன் யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. ஜெராக்ஸை வகுப்பில் வாசித்துக் காட்டினார். பஸ்ஸில் இடத்தைவிட்டு எழுந்திருக்க மறுத்த பெண், எழுதப் படிக்க ஒளிந்து ஒளிந்து கற்றுக்கொண்ட பெண்கள், ஊரார் பிள்ளைகளை வளர்க்கப் போய்த் தங்கள் பிள்ளையைப் பார்க்க முடியாத பெண்கள். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. என் அம்மா மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே என்னை மலையிலிருந்து இறக்கி விடுதியில் விட்டுவிட்டாள். லீவு விட்டால்தான் பார்த்துக்கொள்வோம்.

ஒரு பெண் தனியாக நின்று பேசுகிற மாதிரி ஒரு பகுதி வேண்டும், யாராவது எழுதிப் பாருங்கள் என்றார் மிஸ். நான் எழுதினேன். ஆயுள் முழுக்க ஒரு பெரிய வீட்டில் சமைத்தவள், பின்வாசல் வழியாகவே போய் வந்தவள், வயதான காலத்தில் ஒரு நாள் முன்வாசல் வழியாக வந்து நின்று பேசுகிறாள். மிஸ் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இங்கிலீஷைத் திருத்தினார். "இதை நீயா எழுதுன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு அது மனப்பாடம். விடுதியில் துணி துவைக்கும்போது துவைகல்லுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அந்த மைக் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஆசையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஒரு விழாவுக்காவது என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்று நம்பினேன். கல்லூரியிலேயே அப்படி நம்பியது நான் ஒருத்திதான்.

மிஸ் டவுனிலிருந்து வருகிற சிவத்த பெண்ணைத் தேர்ந்தெடுத்தார். எல்லா நாடகத்திலும் அவள்தான் ராணி.

"அவதாம்மா மேடையில எடுப்பா இருப்பா. நீ தப்பா எடுத்துக்கிடாத," என்றார் என்னிடம். "கலருக்கு என்ன, பூசிக்கிடலாம். நீதான் பூசிவிடணும். உனக்குத்தான் அந்தக் கலரு சரியாத் தெரியும்."

தேங்காயெண்ணெயில் கரித்தூளையும் கொஞ்சம் செம்மண்ணையும் போட்டுக் குழைத்தேன். ஒத்திகையில் மிஸ் என் கையைப் பிடித்து அவள் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பார், ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி எடுக்கச் சேலை முந்தியை வைத்துப் பார்ப்பதுபோல. "இன்னும் கொஞ்சம் கருக்கணும். ஆங், இப்பம் சரி." அந்தப் பெண் நல்லவள். "ஏளா, கை வலிக்குதா?" என்று கேட்டாள். அவள்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன். கிடைக்காததால் மிஸ்மேல் கோபப்பட்டேன். மிஸ்ஸும் நல்லவர்தான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

விழா நாளன்று பூசி முடித்துத் தலையில் பூப்போட்ட துணியும் கட்டிவிட்டேன். என் கைவேலை எனக்கே பிடித்திருந்தது. அவளுக்கு வாசல் வரிசையிலும் பன்னீர்ச் செம்பு உண்டு. எல்லா விழாவிலும் உண்டு. கார் வருகிறது என்றதும் பழக்கத்தில் அந்த முகத்தோடேயே போய் வரிசையில் நின்றுவிட்டாள். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினேன். வரவேற்புக்குப் பொறுப்பான மேடம் வேறு துறைக்காரர். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருட்டி இது? இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்கன நிக்காத. உள்ள போ மொதல்ல."

பக்கத்தில் நின்றவள் அது யார் என்று சொன்னாள். மேடம் சிரித்துவிட்டு, "நீயா? சரி சரி, உள்ள போ," என்றார். செம்பு வேறொரு சிவத்த கைக்குப் போனது. இப்படி ஒரு வார்த்தையை அந்தப் பெண் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எனக்கு அது பழசு. ஆனாலும் என் நிறத்தை இன்னொருத்தி முகத்தில் வைத்துத் துரத்துவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எனக்கே வலித்தது.

ஒப்பனை அறையில் உட்கார்ந்து அவள் அழுதாள். மாசிக் கடைசி வெயில், தகரக் கூரை, தேங்காயெண்ணெய், கண்ணீர். கன்னத்தில் வரிவரியாகச் சிவப்புத் தெரிந்தது. நானும் துடைத்துத் துடைத்துப் பூசினேன், ஒட்டவில்லை. "என்னால முடியாதுளா. எல்லாரும் சிரிப்பாவ," என்றாள். வெளியே வரவேற்புரை முடிந்து கைதட்டுகிறார்கள். மிஸ் ஓடி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இனிமே வேற யாரைப் பிடிச்சு, எப்பம் பூசி முடிக்க?"

"எனக்குப் பூச வேண்டாம் மிஸ்," என்றேன்.

மிஸ் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "ஆமால்லா," என்றார்.

அந்தப் பெண் தன் தலைத்துணியை அவிழ்த்து என் தலையில் கட்டிவிட்டாள். திரை இழுக்கவும் அவளே போனாள். நான் மேடைப் பக்கம் திரும்பினேன். "நில்லு, நில்லு," என்று மிஸ் பவுடர் டப்பாவோடு வந்து என் முகத்தில் அப்பினார். "கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்." அவர் வேண்டுமென்று செய்யவில்லை. மேடைக்குப் போகிற பெண்ணுக்குப் பவுடர் போட்டு அனுப்பியே பழகிய கை. திரை கோணலாக விலகியது. மைக்குக்குப் போகிற வழியிலேயே முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.

'இன்று நான் முன்வாசல் வழியாக வந்திருக்கிறேன்' என்று இங்கிலீஷில் தொடங்கினேன். நான் வந்தது என்னவோ பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குரல் நடுங்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதே அளவுக்குக் கோபமாகவும் இருந்தது. ஒரு வரி விடாமல் பேசி முடித்தேன். கைதட்டினார்கள்.

சிறப்பு விருந்தினர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர், நம்மூர்க்காரர். மேடைக்கு வந்து எனக்குக் கை கொடுத்தார். மிஸ் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பேச்சு நல்லா இருந்துச்சும்மா. அதைவிட அந்த மேக்கப். அசலாவே இருக்கு. யாரு போட்டுவிட்டா?"

மிஸ் தரையைப் பார்த்தார்.

"எங்க அம்மா, சார்," என்றேன்.

"நல்ல கைவாகு," என்றார். "சோப்புப் போட்டுக் கழுவுனா போயிரும்லா?"

"போகாது சார்," என்றேன்.