சத்தமில்லாத கார்

காரில் உட்கார்ந்திருப்பவள் காதில் தானாக வந்து விழுந்ததை ஒட்டுக்கேட்டது என்று சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பிறகு என் தலையில் கட்டிய பழைய ஹைப்ரிட் கார் என்னுடையது. மெதுவாகப் போனால் பேட்டரியில் ஓடும், சத்தமே வராது.

இன்று காலை காந்திமதி வீட்டு வாசலில் அப்படித்தான் போய் நின்றேன், கார்க் கண்ணாடியை இறக்கியபடி. என்னோடு வேலை பார்ப்பவர்; விருதுநகரிலிருந்து சிவகாசியில் உள்ள எங்கள் கல்லூரிக்குத் தினமும் என் காரில் வருபவர். முதுகைக் காட்டியபடி செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த மேடமும் காரும் ஒண்ணுதாண்டீ. ரெண்டும் வாயத் தொறக்காது. பொணவண்டில போற மாதிரி இருக்கும். ஓசில ஏசி, அதான் போறேன்."

பேசாமலே உடன் வரத் தெரிந்த ஒரே சிநேகிதி என்று அவரை நினைத்திருந்தேன்.

"வந்துட்டீகளா மேடம்!" என்று சிரித்தபடி ஏறினார். நான் பேசாமல் ஓட்டினேன். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் சேர்த்தது: தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

"என்ன மேடம், லோடு லாரி மாதிரி வாரீக?"

சிவகாசி வரை விடாமல் பேசினேன். பேட்டரி, மைலேஜ், கிடைக்காத ஸ்பேர் பார்ட்ஸ், எல்லாம். இறங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை வலிக்கு மேடம்" என்றார்.

நாளைக்கு எதைப் பற்றிப் பேசலாம்? சொல்லுங்கள்.